தொட்டிலோடு எல்லை கடந்த சனிக்கிழமை

என் தங்கைக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஜேர்மனியிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவளும் கணவரும் அகதி விடுதி ஒன்றில் ஓர் அறையில் இருந்தார்கள். தொட்டில் வைக்க அந்த அறையில் எந்த மூலை தோதானது என்று விபரமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் நிறுத்தி, "முதல்லை தொட்டில் வரட்டும்" என்று சிரித்தாள். தொட்டிலுக்கு அவர்களிடம் வழியில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாங்கள் ஒருவரையொருவர் கண்டு ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. நான் முதலில் புறப்பட்டு சுவிஸுக்கு வந்து, பாடனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். அவள் பிறகு புறப்பட்டு ஜேர்மனியின் தெற்கே, வில்லிங்கன் பக்கம் ஒரு சிறிய ஊரில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு இடங்களுக்கும் நடுவே இரண்டு மணித்தியால ஓட்டம்கூட இல்லை. ஆனால் அவளுடைய அகதி வழக்கு முடியாததால் தான் இருந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அவளுக்கு அனுமதி கிடையாது. எனக்கு அந்த வருடம்தான் வதிவிட அனுமதி கிடைத்தது. அதன் பிறகு பாஸ்போட் எடுத்து, பேர்ணில் இருக்கிற தூதரகத்துக்கு இரண்டு தரம் போய், பதினைந்து நாளைக்கு ஒரு ஜேர்மன் விசாவும் எடுத்தேன். போகக்கூடியவள் நான் ஒருத்திதான்.

சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்த இத்தாலியப் பெண், தன் பிள்ளைகள் மூவரும் படுத்த மரத்தொட்டிலைத் துடைத்துக் கொண்டுவந்து தந்தாள். கூடவே ஒரு தள்ளுவண்டி, இரண்டு பை நிறையப் பிள்ளை உடுப்பு. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு ரயில் மாறி மாறிப் போக முடியாது. என் கணவருக்கு உணவகச் சமையலறையில் சனி, ஞாயிறுகளில்தான் கூடுதல் வேலை. அவரிடம் சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லை. என்னிடம் இருந்தது. மூன்றாவது முறையில் தேறி எடுத்து நான்கு மாதம். பழக்கியவர் பக்கத்தில் இல்லாமல் நான் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை.

வீட்டுக்குக் கிட்ட ஒரு சிறிய கராஜ் இருந்தது. கணவன் கார் திருத்த, மனைவி மேசையில் இருந்து கணக்குவழக்குப் பார்ப்பாள். வாடகைக்கு விட அவர்களிடம் இரண்டு கார்கள் இருந்தன. எங்கே போகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது, சுவிஸுக்குள்ளேயே இருக்கிற ஷாஃப்ஹவுசனுக்கு என்று சொன்னேன். பொய். ஜேர்மனி என்றால் என் முகத்தையும் பாஸ்போட்டையும் பார்த்துக் கார் தரமாட்டாள் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் ஒரு சொல் கூடிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்து பயந்து இருந்த வருடங்கள் அவை. உள்ளதைச் சொல்வதைவிடக் குறைத்துச் சொல்வது பழகிப்போயிருந்தது.

சனிக்கிழமை காலை தொட்டில் காருக்குள் நுழையவில்லை. கணவர் அதன் கால்களைக் கழற்றி, ஆணிகளைப் பாண் பையில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்தார்.

"தனியப் போறீர். பயமில்லையோ?" என்று கேட்டார்.

"பயமாத்தான் கிடக்கு. ஆனா விசா முடியுறதுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு" என்றேன்.

ஆரே ஆற்றின் ஓரமாக மெல்ல மெல்லப் போனேன். எனக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. கோப்லென்ஸில் சுவிஸ் பக்கக் காவலர் கையை அசைத்துப் போகச் சொன்னார். ரைன் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் வால்ட்ஷுட் பக்கத்தில் ஜேர்மன் அதிகாரி மறித்தார். ஐம்பது வயது இருக்கும். பாஸ்போட், விசா, வதிவிட அனுமதி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சரி என்றார். என் மூச்சு இறங்கியது. பிறகு காரின் பத்திரத்தைக் கேட்டார்.

வாடகைப் பத்திரத்தில் வெளிநாட்டுப் பயணம் என்ற இடத்துக்கு எதிரே, 'இல்லை' என்று அந்தக் கராஜ் பெண்ணின் கையெழுத்தில் இருந்தது. அதிகாரி அதில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். வாடகைக்கு எடுத்த கார்களைக் கிழக்கு ஐரோப்பாப் பக்கம் கொண்டுபோய் விற்றுவிடுகிறார்கள் என்று அந்த நாட்களில் ஒரே கதை. காரை ஓரமாக விடச் சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போனார். எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழி முழுவதும் அந்தப் பத்து அடி தூரத்தில் என்னை விட்டுப் போய்விட்டது.

அவர் வெளியே போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தார். கால் இல்லாத தொட்டிலையும் தள்ளுவண்டியையும் பார்த்துவிட்டு வந்து, பிள்ளை எங்கே என்று கேட்டார்.

இன்னும் பிறக்கவில்லை, என் தங்கையின் பிள்ளை என்று எப்படியோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கராஜ் எத்தனை மணிக்குப் பூட்டும் என்று கேட்டார். சனிக்கிழமையில் பன்னிரண்டுக்கு. சுவரில் மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மேசையில் இருந்த தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்தப் பெண்தான் எடுத்தாள். நான் வால்ட்ஷுட்டில் நிற்கிறேன் என்றேன். "ஷாஃப்ஹவுசன் என்று ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டாள்.

"உண்மையைச் சொன்னால் கார் தரமாட்டீர்கள் என்று பயந்தேன்."

அதிகாரியிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னாள். இருவரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். தொட்டில் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அவர் ஒரு ஃபாக்ஸ் இலக்கத்தைச் சொல்லிவிட்டு வைத்தார். காப்புறுதிக் கடிதம் ஒன்றும் புதிதாக எழுதிய அனுமதியும் வரவேண்டும், இரும் என்று கதிரையைக் காட்டினார். பன்னிரண்டு அடித்தது. அவர் சாப்பாட்டுக்குப் போகவேண்டிய நேரம் போலும். இன்னொரு அதிகாரி வந்து கூப்பிட்டும் போகாமல், பாணை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு குவளையில் தேநீர் வைத்தார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஃபாக்ஸ் இயந்திரம் சத்தம் போட்டது. வந்த தாள்களைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் போகவிட்டார். பூட்டவேண்டிய நேரம் கழிந்து இருபத்தைந்து நிமிடம் அந்தப் பெண் நின்றிருக்கிறாள், பொய் சொல்லிக் கார் எடுத்த ஒருத்திக்காக.

திங்கட்கிழமை காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒரு தட்டு மரக்கறி ரோல்ஸோடு போனேன். மன்னிப்புக் கேட்க வீட்டிலேயே நாலு வசனம் பாடமாக்கியிருந்தேன். முதல் வசனத்திலேயே அவள் மறித்துவிட்டாள். "அடுத்த முறை உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லியிருந்தால் பெரிய கார் தந்திருப்பேன். தொட்டிலின் காலைக் கழற்றியிருக்கத் தேவையில்லை" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பிறகு என்னைப் பற்றி எவ்வளவோ கேட்டாள். அந்தக் கராஜ் கந்தோரில் இருந்துகொண்டு நான் பயமில்லாமல் பதில் சொன்னது எனக்கே புதினமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமைக்கே வருகிறேன். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகுதான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். தங்கை வாசலில் நின்றாள். அவளுடைய பத்தொன்பது வயதில் நான் விட்டுவிட்டு வந்தவள், வயிற்றைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். கட்டிப்பிடிக்க வந்தவள் என்னைத் தாண்டிக் காருக்குள் பார்த்தாள். ஓட்டி வந்த ஆளைத் தேடினாள்.

"அக்கா, நீங்களோ கார் ஓடிக்கொண்டு வந்தனீங்கள்? தனியவோ?"

ஓம் என்றேன். அதன் பிறகுதான் இருவருக்கும் அழுகை வந்தது.

அவளுடைய கணவர் தொட்டிலை மேலே கொண்டுபோய்க் கால்களைப் பூட்டத் தொடங்கினார். தங்கை கீழேயே நின்றுகொண்டு, "என்னை ஒருக்கா இதிலை ஏத்திக்கொண்டு போங்கோ" என்றாள்.

"எங்கை?"

"என்னைப் போக விடுற தூரம் மட்டும்."

அவள் வழி சொல்ல நான் ஓட்டினேன். இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள். ஒரு இடத்தில், "காணும், இதிலை நிப்பாட்டுங்கோ" என்றாள். சிறிது தூரத்தில் அடுத்த மாவட்டத்தின் பெயர் எழுதிய பலகை தெரிந்தது. ஓரமாக விட்டு, கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. சப்பாத்தைக் கழற்றி என் மடியில் காலைத் தூக்கிப் போட்டாள். ஆறு வருடக் கதை. அவள் சொன்னதில் பாதி எனக்குத் தொலைபேசியில் சொல்லாதது. நான் சொன்னதிலும் அப்படித்தான். எல்லையில் நடந்ததையும் சொன்னேன்.

"அந்த மனிசி ஏன் உங்களுக்காக நிண்டவ?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த அதிகாரி ஏன் சாப்பாட்டுக்குப் போகாமல் இருந்தார் என்பதும் தெரியாது. இவ்வளவு வருடங்கள் கழித்தும் அதற்குக் காரணம் தேட எனக்கு மனமில்லை. நன்றி மட்டும்தான் இருக்கிறது. அன்று அவர்கள் இருவரில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழும்பிப் போயிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன். விசாவும் முடிந்திருக்கும். அவளை அந்தக் கோலத்தில் நான் கண்டிருக்கமாட்டேன்.

திரும்பும் வழியில் தங்கை வாய் திறந்தபடி நித்திரையாகிப் போனாள். அவளை எழுப்ப மனம் வராமல், விடுதியைத் தாண்டிப் போய், அந்தச் சின்ன ஊரை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.