காலையில் இருந்த முட்டை

அம்மாவின் விரல் தப்பாது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். விடிந்ததும் கூடையைத் திறந்து, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலுக்குக் கீழே ஒரு விரலால் தடவிப் பார்ப்பாள். "இன்னைக்கு இருக்கு" என்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் முட்டை கிடைக்கும். பக்கத்துக் காம்பராக்காரர்கள்கூடத் தங்கள் கோழிகளைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வருவார்கள்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. கூப்பனுக்கு அரிசி அளந்து கொடுத்த காலம். ஒரே அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான். அப்பா நெஞ்சு வியாதியோடு கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தார். முட்டை கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு செங்கோழி. காம்பரா மூலையில் சாக்கு விரித்த பெட்டிதான் அது முட்டையிடும் இடம். முட்டையிட்டதும் லயமே கேட்கிற மாதிரி கொக்கரிக்கும்.

அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். அவள் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று அந்தப் பெட்டியை நான்தான் தூக்கி, வெளியே இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் விறகுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோழியிடம் யார் சம்மதம் கேட்பார்கள்?

மறுநாளிலிருந்து முட்டை இல்லை. காலையில் அம்மாவின் விரல் இருக்கிறது என்கிறது. சாயங்காலம் நாங்கள் மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு திரும்பினால் பெட்டி காலி. கொக்கரிப்பும் இல்லை. கோழி ஒன்றும் தெரியாததுபோல் தண்ணீர் ஓடும் கானோரம் மேய்ந்துகொண்டிருக்கும். பகலில் வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். அப்பாவால் எழுந்து நடக்க முடியாது. அண்ணி கால் வீங்கி, வேலைக்குப் போகாமல் இருந்தாள்.

"முட்டை பொரிக்கிற வாசம் வந்தா வாயில தண்ணி ஊறுது" என்று ஒரு முறை அண்ணி ஆசையாகச் சொல்லியிருந்தாள். அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இருந்தும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம்.

"முட்டைக்குக் கால் முளைச்சிருச்சா அண்ணி?" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"நான் எடுக்கலைங்க அத்தை" என்று அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா தன் விரலைப் பார்த்தாள். "காலையில இருந்துச்சே தாயி" என்றாள். அவ்வளவுதான். அண்ணன் விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டான். அண்ணி இடத்தில் நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அண்ணி சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றினாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை அடித்து அணைத்தாள்.

"நான் தின்னுருந்தா எம்புள்ள எனக்குத் தங்காது."

"ஏண்டி இப்படி வார்த்தைய விடுற!" என்று அம்மா பதறிப்போனாள். எனக்கு அப்போதும் மனம் இளகவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணுகிறாள் என்றே நினைத்தேன். மறுநாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது மற்றப் பெண்களிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

சில நாளில் கோழியையே காணவில்லை. கீரியோ நரியோ கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டோம். அதைத் தேடுகிற நிலையிலும் நாங்கள் இல்லை. அந்த வாரமே ஒரு மத்தியானம் அண்ணிக்கு வலி கண்டது. கொழுந்து லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே பிறந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. அம்மா தன் சேலைத் தலைப்பில் சுற்றி, உயிருள்ள பிள்ளையை வைத்திருப்பதுபோல் கடைசிவரை மடியில் வைத்திருந்தாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சத்தியம் சும்மா விடாது என்று லயம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சுக்கு விதை போட்டது நான். அண்ணியின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு ஒரு நாள் அம்மாவிடம் கேட்டாள்:

"தூக்கத்துல கீக்கத்துல எழுந்து தின்னுருப்பேனா அத்தை?"

இதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் இஸ்தோப்பில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். லயத்துக்குப் பின்னால் இருந்த தேயிலைச் செடிகளின் அடியிலிருந்து செங்கோழி வெளியே வந்தது. பாதியாக இளைத்திருந்தது. பின்னால் குஞ்சுகள், ஒன்பது. வீட்டு மூலையை நாங்கள் பறித்ததும் அது செடிக்கடியில் ஓர் இடம் தேடி, சத்தம் காட்டாமல் இட்டு, அங்கேயே அடைகாத்திருக்கிறது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் உள்ளே ஓடினேன். "அண்ணி, கோழி வந்துருச்சு! நீங்க எடுக்கல. நீங்க எடுக்கவே இல்ல!" என்னவோ நல்ல சேதி கொண்டுவந்தவள் மாதிரி கத்தினேன். சந்தோஷப்படுவாள் என்று நம்பினேன். அவ்வளவு மடச்சி.

அவள் எழுந்து வந்து வாசலில் நின்றாள். ரொம்ப நேரம் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னது சத்தியந்தானே. அப்ப எம்புள்ள ஏன் போச்சு?"

எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.