கஞ்சியில் எழுதிய தாள்

தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் அந்த அம்மாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பேசுவார். மாமியார் வீட்டில் மகளின் போனைக்கூடப் பார்க்கிறார்கள், ரகசியமாக ஒரு சேதி அனுப்ப வழி உண்டா என்று கேட்டு என்னிடம் வந்தார். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் நான்.

"வெள்ளைத் தாள்ல கஞ்சித்தண்ணி தொட்டு எழுதி, முறுக்கு டப்பா அடியில போடும்மா. மக அயோடின் தடவினா எழுத்து நீலமாத் தெரியும்" என்றேன்.

அடுத்த மாதம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"தாளு முழுக்க நீலமாயிடுச்சாம் சார். என் கைதான் தெரிஞ்சுதாம்."

நாளெல்லாம் கஞ்சியில் கிடக்கும் கையைக் கழுவிவிட்டு எழுதச் சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை.

"என்னம்மா எழுதியிருந்தீங்க?"

"பொறப்பட்டு வந்துடு, அப்பா திட்டமாட்டாருன்னு."

"மறுபடியும் எழுதுங்களேன்."

"எங்க சார்? அந்த நீலத் தாள மாமியா பாத்துட்டாங்க. இனிமே முறுக்கே வேணாம்னுட்டாங்க."

அப்போதும் சிரித்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.