சட்டை ஆணி

பிசியோதெரபி செய்யும் பெண் என்னைச் சுவரோரம் நிறுத்தி, வலிக்கும் கையின் விரல்களை மெல்ல மேலே ஏற்றச் சொன்னாள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். "நாளைக்கு இதைத் தாண்டணும் பாட்டி."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எங்கள் ராஜபாளையத்து வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு கணக்கு ஏறியது. மில்லில் பஞ்சுப் பொதி தூக்கித் தூக்கி அப்பாவுக்குத் தோள் இறுகிப்போனது. கை நெஞ்சுக்கு மேல் எழாது. எழாவிட்டால் வேலை போய்விடும். தினமும் கையை உயர்த்திப் பழகச் சொன்னார் வைத்தியர். "நான் என்ன பச்சப்பிள்ளையா?" என்று அப்பா எரிந்து விழுந்தார்.

அம்மா அவர் சட்டை மாட்டும் ஆணியைப் பிடுங்கி, நாலு விரற்கடை மேலே அடித்தாள்.

"ஏட்டி, இது எதுக்கு?"

"நாய்க்குட்டி சட்டைய இழுத்துப்போடுது."

எங்கள் ஊர் நாயின் வளர்த்தி தெரிந்ததுதானே! குட்டி வளர வளர ஆணியும் ஏறியது. அப்பா முனகிக்கொண்டே எட்டினார்.

ஒருநாள் சட்டையை எடுத்தவர், "எல்லாம் இந்தச் சனியனால" என்று நாயை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். அம்மா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அடிக்காதிய. அது ஒருநாளும் சட்டையத் தொட்டதில்ல."

தலைக்கு மேல் நின்ற தன் கையை அப்பா அண்ணாந்து பார்த்தார். செத்த நேரம் அதை இறக்கவே இல்லை.