பச்சை ஊர்வலத்தில் ஒரு பால்குடம்

பால்குடத்தைத் தலையில் ஏற்றினால் சந்நிதி சேரும்வரை கீழே இறக்கக்கூடாது. ரெம்பாவ் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், பங்குனித் திருவிழாவில், மாரியாத்தாவுக்கு எத்தனையோ முறை அப்படி எடுத்திருக்கிறேன். ஒருமுறை டப்ளின் நகரத்திலும் எடுத்தேன். ஆத்தா அதை ஏற்றாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மகள் அங்கே தாதியாக இருக்கிறாள். ஏழாம் மாதத்திலேயே அறுவை செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். என் மனைவிக்குச் சர்க்கரையால் ஒரு கால் போய்விட்டது. அவள் ஊரில், எங்கள் செனாவாங் வீட்டில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டிருக்க, நான்தான் விமானம் ஏறினேன்.

பேரன் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மகளுக்குத் தையல் போட்ட இடம் பழுத்துக் காய்ச்சல், வீட்டில் படுத்துவிட்டாள். அவள் எடுத்துக் கொடுக்கும் பாலை மாப்பிள்ளைதான் காரில் கொண்டுபோவார். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார்கள். அந்தச் சொட்டில்தான் அவன் உயிர் இருக்கிறது என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

அன்று அந்த நாட்டுக்காரர்கள் பேட்ரிக் என்னும் புனிதரைக் கொண்டாடும் திருநாள். ராத்திரி பிள்ளையோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை காலையில் கூப்பிட்டார்.

"மாமா, ஊர்வலத்துக்கு ரோட்டையெல்லாம் அடைச்சிட்டானுங்க. காரை எடுக்க முடியல. இங்க பாலு தீரப்போவுது. பஸ்ஸு பாலத்துக்கிட்டயே நின்னுரும். அங்கேருந்து நடந்து வந்துருவீங்களா?"

"பத்துமலை படி ஏறுனவன்யா நானு. வந்துருவேன் லா."

"கூட்டம் ஜாஸ்தி, பாத்து வாங்க. இங்கயும் சாமி பேரைச் சொல்லித்தான் குடிக்கிறானுங்க, நம்ம தோட்டம் மாதிரியே."

ஐஸ் வைத்த நீலப் பையை மகள் நீட்டினாள். அப்பன் கையில் தன் பாலைக் கொடுக்கக் கூச்சம். சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஆட்டாம கொண்டு போங்கப்பா" என்றாள். நான் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பாலத்தருகே இறங்கியதும் சப்பாத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டேன். அந்தக் குளிரில் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சப்பாத்துக் காலோடு அந்தப் பாலைச் சுமக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே பார்த்தாலும் அந்தப் புனிதருக்கு உரிய பச்சை. பச்சைத் தொப்பி, பச்சைத் தாடி, பச்சை பூசிய கன்னம். கூட்டம் நெருக்கியது. பை நசுங்கிவிடுமோ என்று பயந்து தலைமேல் தூக்கிக்கொண்டேன்.

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் மருத்துவமனை. அங்கே நின்ற போலீஸ்காரர் பையைக் கீழே வைத்துத் திறக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

"கெனாட் சார். பேபி மில்க். ஹாஸ்பிட்டல்." இறக்கமாட்டேன் என்று தலையாட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார், கம்பியை நகர்த்திவிட்டார். ஒரு வாத்தியக் கூட்டம் போய் அடுத்தது வருவதற்குள் நான் நடுவீதியில் நடந்தேன். நானும் ஊர்வலத்தில் ஒரு வேஷம் என்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள். ஒரு பெண் ஓடிவந்து என் கழுத்தில் பச்சை மணிமாலையைப் போட்டாள். நான் "ஓம் சக்தி, ஓம் சக்தி" என்று முணுமுணுத்தபடியே போனேன்.

மாப்பிள்ளை நடைபாதையில் நின்றிருந்தார். பையை வாங்கவில்லை.

"புள்ளைக்கு வயிறு வீங்கிருச்சு மாமா. பாலை நிறுத்திட்டாங்க. போன் அடிச்சேன், நீங்க எடுக்கல." ஊர்வல மேளத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. "அவளை உடனே கூட்டிட்டு வாங்க. டாக்டர் வரச் சொல்லிட்டாரு."

போனில் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பையோடு திரும்பினேன்.

மகள் கதவைத் திறந்தாள். "குடிச்சானாப்பா?"

பையை நீட்டினேன். வாங்கியதும் கனம் தெரிந்துவிட்டது. தாதியல்லவா, புரிந்துகொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, சப்பாத்து போட்டுக்கறேன்" என்று குனியப் பார்த்தாள், முடியவில்லை. நான் உட்கார்ந்து அவள் காலில் மாட்டிவிட்டேன். "உங்க காலு ஐஸா இருக்கேப்பா" என்றாள். அப்போதும் என் காலைத்தான் பார்த்தாள்.

தடுப்புக் கம்பியில் அதே போலீஸ்காரர். என்னைக் கண்டதும் சிரித்து, "பேபி ஓகே?" என்று கட்டை விரலை உயர்த்தினார். மகள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கி எங்களை அக்கரை சேர்த்தார். இந்த முறை எங்களைப் பார்த்து ஒருவரும் கைதட்டவில்லை.

எங்களுக்காகத்தான் அவன் காத்திருந்தான் போல. குழாய்களோடு எடுத்து அவள் நெஞ்சில் கிடத்தினார்கள். பிறந்த பிறகு அன்றுதான் அவனை அவள் முதன்முதலாகத் தூக்கினாள். வெளியே வாத்தியச் சத்தம் ஓயவில்லை. அதற்குள் அவன் மூச்சு ஓய்ந்துவிட்டது.

மகள் அவனை இறக்கவேயில்லை. தாதிகள் கேட்டார்கள், மாப்பிள்ளை கேட்டார், கொடுக்கவில்லை. அவள் சட்டை முழுக்கப் பால் ஊறி, அவன் தலையெல்லாம் நனைந்திருந்தது.

நான் கழுத்திலிருந்த பச்சை மாலையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அவர்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டேன்.