சுவரில் போட்ட கோடு

அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு சிம்னி விளக்கு, ஒரு டம்ளர், ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். என் மகளின் நாலாம் வகுப்பு டீச்சர் வீட்டில் செய்து பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தார். டம்ளரை விளக்குக்கு அருகே கொண்டுபோனால் நிழல் பெரிதாகும். சுவர்ப் பக்கம் தள்ளினால் சிறிதாகும். எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டும்.

அவளைவிட எனக்குத்தான் ஆசை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கேலைக் கையில் எடுக்க ஒரு காரணமும் வாய்த்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கே கதவைச் சாத்தினால் இருட்டிவிடும். என் மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் என் அப்பாவின் அக்கா, எனக்குச் சொந்த அத்தை.

"பட்டப்பகல்ல விளக்கேத்தி என்னடி பண்றீங்க, ஆத்தாளும் மகளும்?"

"ஸ்கூல் பாடம், அத்தை."

"நல்ல பாடம். மண்ணெண்ணெய்க்கு வந்த கேடு."

டம்ளரை விளக்கருகே பிடித்தேன். "இப்ப?"

"பெருசாச்சும்மா."

சுவர்ப் பக்கம் நகர்த்தினேன். "சிறுசாச்சு" என்றாள். நான் கேட்டுமுடிக்கும் முன்பே பதில் வந்தது. பூரித்துப்போய் ஒரு கரித்துண்டைக் கொடுத்தேன். "நிழலோட உச்சி எங்க இருக்கோ, அங்க ஒரு கோடு போடு."

சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கோடு போட்டாள். உச்சிக்கு ஒரு சாண் கீழே, நிழலின் நடுவயிற்றில். "பார்த்துப் போடு" என்றேன். அடுத்த கோடு நிழலை விட்டு எங்கோ மேலே போனது. விளையாடுகிறாள் என்று நினைத்து நறுக்கென்று தலையில் குட்டினேன்.

"சரியாத்தானேம்மா சொன்னேன்?" என்று அழுதாள். "உன் கை விளக்குகிட்ட இருந்தா பெருசு, தள்ளிப் போனா சிறுசு. புஸ்தகத்துல அப்படித்தானே இருக்கு?"

"புஸ்தகம் இருக்கட்டும். சுவர்ல என்ன தெரியுது?"

"சுவரு இருட்டா இருக்கு. விளக்குதான் தெரியுது." அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உனக்குச் சுவரு தெரியுதாம்மா?"

இருட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் என்று அந்தக் குழந்தை எட்டு வருஷமாக நம்பியிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்தி நேரத்தில் வாசலில் படுத்திருந்த நாயை மிதித்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் குடத்தை இடறிக் கொட்டியது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அத்தை திட்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து திட்டியது. புத்தகத்தை மனப்பாடம் பண்ண வைத்துப் பெருமைப்பட்டவள் நான். அந்த மனப்பாடத்தை வைத்தே அவள் சமாளித்திருக்கிறாள்.

நிழலின் அளவுகளை நானே எடுத்துச் சொன்னேன், அவள் நோட்டில் எழுதினாள். டீச்சர் 'நன்று' போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்.

அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. மாலைக்கண்தான், கீரையும் ஆட்டு ஈரலும் கொடுத்தால் போய்விடும் என்றார் அத்தை. சமயபுரத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினோம். தினமும் முருங்கைக்கீரை. ஈரல் பிடிக்காமல் அவள் வாயை மூடிக்கொண்டால், மூக்கைப் பிடித்து ஊட்டினேன். இரண்டு மாதம் போயிற்று. முன்னாலேயே போயிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

திருச்சியில் கண் டாக்டர் மருந்து விட்டு, வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு குழந்தையை வெளியே உட்கார வைக்கச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"என் மாமா பொண்ணுங்க" என்றார் என் கணவர்.

"உங்க அப்பா அம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"அவங்களும் சொந்தத்துலதாங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இது மாலைக்கண் இல்லம்மா. விழித்திரையே கொஞ்சம் கொஞ்சமா கெட்டுட்டு வருது. இதுக்கு மருந்து இல்லை."

"சொந்தத்துல கட்டுனதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என் கணவரின் குரல் உயர்ந்தது.

"இருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. இப்பவே நல்லாப் படிக்க வைங்க. பார்வை எத்தனை வருஷம் இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

டீச்சர் டிரெயினிங் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன் ஒரு காலத்தில். "அக்காவுக்கு வாக்குக் கொடுத்துட்டேம்மா" என்று அப்பா வந்து நின்றார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என் மகள் கண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் மட்டும் மறுத்திருப்பேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. மருந்து விட்ட கண் கூசி, குழந்தை என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார் என் கணவர் மெதுவாக. "உங்க வீட்டு ரத்தம்னு ஆரம்பிச்சுடுவாங்க." உங்கள் வீடு, எங்கள் வீடு என்று இரண்டு வீடு எங்கே இருக்கிறது? கேட்கவில்லை. ஆனால் சொல்லிவிடுவது என்று அந்தப் பாலத்தைத் தாண்டுவதற்குள் தீர்மானம் செய்துகொண்டேன்.

செருப்பைக் கழற்றும் முன்பே அத்தை கேட்டார், "என்னடி சொன்னான் டாக்டரு?"

என் கணவர் முந்திக்கொண்டார். "சத்துக் குறைச்சலாம்."

"நான் சொல்லல? ஈரலைத் துப்பித் துப்பி வெச்சா?" அத்தை குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "தேத்திடலாம். என் மக வீட்டுக்கு வாழப்போறவ. வையம்பட்டியில என் பேரன் இப்பவே கேக்குறான், எனக்குப் பொண்ணு எங்க அம்மாச்சின்னு, மீசை முளைக்காத பய!" சிரித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவளை வெளியில எங்கயும் குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன். என்னடி, பதிலையே காணோம்?"

என் கணவர் கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

"சரிங்க அத்தை" என்றேன்.