புத்தூர் கேட்டில் ஒருத்தன்

பழைய சாமான் வாங்குகிற வண்டி எங்கள் தெருவுக்கு வந்திருந்தது. என் மனைவி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து என் ஹெட்போனை எடுத்துவந்து, "இது வேணுமா, போட்டுடட்டுமா?" என்றாள். காதுப் பஞ்சின் மேல்தோல் கருப்புத் துணுக்குகளாக உதிர்ந்து அவள் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. நான் அதை வாங்கி மோந்து பார்த்தேன். சித்தூரில் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிற, தலை பாதி நரைத்த ஆள் ஹெட்போனை மோந்துகொண்டு நிற்பதைப் பார்த்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பழகிவிட்டாள்.

நான் தேடிய வாசனை அதில் இல்லை. அது சந்தன வாசனை. நான் திருப்பதியில் டிகிரி படித்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் கேமிங் சென்டர் ஒன்று இருந்தது. தரிசனம் முடித்த குடும்பங்கள் மேலே அறையில் அசந்து தூங்கும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் புது மொட்டையோடு கீழே நழுவி வந்துவிடுவார்கள். மொட்டையில் பூசிய சந்தனம் ஹெட்போன் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து உட்காருகிற என் தலைக்கும் கொஞ்சம் வரும். அந்த வாசனையோடுதான் நான் முதன்முதலில் துப்பாக்கி பிடித்தேன். எவ்வளவு பெரிய வீரன் பாருங்கள்.

கம்ப்யூட்டர்கள் எதிரெதிராக இரண்டு வரிசை. நம்மைச் சுடுகிறவன் மானிட்டருக்கு அந்தப் பக்கம்தான் இருப்பான். அவன் நெற்றி தெரியும், அவன் கால் நம் காலில் இடிக்கும். சென்டரில் இரண்டு சட்டங்கள் உண்டு. தோற்ற அணி எழுந்து, சுவரோரம் காத்திருப்பவர்களுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம், செத்தவன் பேசக் கூடாது. செத்தவன் திரையில் எல்லோரும் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்பதால் அந்தச் சட்டம். வாயைத் திறந்தால் ஆட்டமே செல்லாது.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் முனிரத்தினம். நகரியில் எங்களுக்கு அடுத்த வீடு. இருவர் வீட்டிலும் பவர்லூம் ஓடியது. அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் எங்கள் இருவருக்குமே மெதுவாகப் பேச வராது. சென்டரில் அது ஒரு தொல்லையாகிப் போனது, ஏனென்றால் நாங்கள் கத்துவது எதிர்வரிசைக்கும் கேட்கும். தமிழில் கத்தினால் புரியாது என்று நினைப்பதற்கு எங்கள் ஜில்லாவில் வழியே இல்லை. அங்கே எல்லோருக்கும் தமிழ், தெலுங்கு இரண்டும் அத்துப்படி.

அதற்கு முனி ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த ஆட்டத்தில் வருவது ஒரு பாழடைந்த பாலைவன ஊர். அதன் மூலைமுடுக்குக்கெல்லாம் நகரியிலிருந்து திருப்பதி வருகிற எங்கள் பஸ் ரூட்டின் பெயர்களை எடுத்து வைத்தான். இடதுபக்க இரும்புக் கதவு புத்தூர் கேட். தண்ணீர்த் தொட்டி வடமாலப்பேட்டை. மேலே போகிற படிக்கட்டு, திருமலைப் படிகள் தொடங்குகிற அலிபிரி, அதில் யாரும் மறுபேச்சு பேசவில்லை. ஒரு மூலைக்கு மட்டும் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷன் பெயரை, வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று வைத்துத் தொலைத்தான். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் சொன்னவனும் செத்தான், கேட்டவனும் செத்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நினைவிருக்கிறது. காலையிலிருந்து நாங்கள் நாற்காலியை விடவே இல்லை. கடைசிச் சுற்றில் எங்களில் முனி மட்டும் உயிரோடு அலிபிரிக்குக் கீழே பதுங்கியிருந்தான். எதிரில் ஒருத்தன் மிச்சம். அவன் புத்தூர் கேட் வழியாக அடிமேல் அடி வைத்து வருவது செத்துப்போன என் திரையில் தெரிகிறது. முனி நேர் எதிர்த்திசையைக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறான். சுவரோரம் நின்றவர்கள்கூட மூச்சுக் காட்டவில்லை. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது முனி திரையை விட்டு நிமிர்ந்து மானிட்டருக்கு மேலே தெரிந்த அந்த நெற்றியைப் பார்த்தான். அந்தப் பையன் ஆட்டத்தின் வேகத்தில் தன் உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தான். அதை வைத்தே முனி சட்டென்று புத்தூர் கேட் பக்கம் திரும்பினான். ஒரே வெடி. பிறகு டீக்கடையில் அந்தப் பையன், என் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாயே பாவி என்று தெலுங்கில் முனியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அந்த வாரம் முழுக்க எனக்கு அதே சந்தோஷம்.

படிப்பு முடிந்தது. முனிக்கு சத்தியவேடு பக்கம் ஃபேக்டரியில் வேலை, எனக்கு இங்கே சித்தூரில். கல்யாணம், குழந்தைகள். ஆட்டமும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் இருவரும் ஆன்லைனில் உட்காருவோம். மற்ற நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது நாங்கள் இருவர்தான். மீதி இடங்களை அந்த ஆட்டமே முன்பின் தெரியாத பிள்ளைகளைப் போட்டு நிரப்பிக்கொள்ளும்.

எனக்கு எப்போது அலுத்துப்போனது என்று தெரியவில்லை. உட்கார்ந்தால் முதலில் அப்டேட். அது முடிவதற்குள் ஒரு தூக்கமே போட்டுவிடலாம். பிறகு திரையிலேயே ஒரு கடை திறக்கும்: துப்பாக்கிக்குப் புதுச் சாயம், சிப்பாய்க்கு முயல் காது. ரோஜா நிற முயல் ஒன்று என்னைச் சுட்டுவிட்டு என் பிணத்தின் மேல் நின்று ஆடியது. அது எந்த ஊர்ப் பிள்ளையோ, அதன் நெற்றி எப்படி இருக்குமோ. ஆட்டமே நம் திறமைக்குத் தக்க ஆளாகப் பார்த்து எதிரில் விடுவதால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பாதி ஜெயிப்போம், பாதி தோற்போம். தோற்றாலும் நாற்காலியை விட்டு யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை.

ஆனால் முனியிடம் எப்படிச் சொல்வது? எங்களுக்குள் மிச்சமிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றுதான். ஆட்டத்தை விட்டால் முனியும் போய்விடுவான் என்று பயந்தேன். சனிக்கிழமை சாயந்திரமே நெஞ்சு கனக்க ஆரம்பித்துவிடும். விளையாடப் போவதற்கு இப்படிப் பயந்தவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தம்புது மேப். ஏதோ பனிமலை, கண்ணாடிக் கட்டடங்கள். இடப்பக்கத்திலிருந்து எங்கள் அணிப் பையன் ஒருவன் ஓடிவந்தான். வலப்பக்கத்தில் ஒரு கதவு, அதன் பின்னால் எதிரி. எனக்குப் பதற்றத்தில் வாயில் வந்தது, "முனி, புத்தூர் கேட்ல ஒருத்தன்!"

முனி யோசிக்கவே இல்லை. பழைய ஊரில் புத்தூர் கேட் இருந்த இடப்பக்கம் திரும்பி எங்கள் பையனையே சுட்டான். வலப்பக்கத்துக்காரன் எங்கள் இருவரையும் முடித்தான். புத்தூர் எங்கே இருக்கிறது அங்கிள் என்று ஒரு குழந்தைக் குரல் தெலுங்கில் கேட்டது. இன்னொரு குரல் கெட்ட வார்த்தை சொன்னது. அப்புறம் எங்களை ம்யூட் செய்துவிட்டார்கள்.

"இங்க ஏதுடா புத்தூரு?" என்றான் முனி.

"வாய்ல வந்துடுச்சி. நீ ஏன்டா திரும்பின?"

"நீ சொன்னியே."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "முனி, எனக்கு இது புடிக்கவே இல்லடா. ரொம்ப நாளா" என்றேன்.

அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கோபித்துக்கொண்டான் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

"எனக்கும்தான்டா" என்றான். "நீ ஆசையா வர்றியே, நான் உட்டுட்டா தனியா பூடுவியேன்னு வந்துக்கினு இருந்தேன்."

இருவரும் சிரித்தோம் பாருங்கள், என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேசுவதற்கு நமக்கு ஆட்டம் எதற்கு, இனி ஞாயிற்றுக்கிழமை சும்மா போன் பண்ணிக்கொள்வோம் என்று பேசி முடித்து, ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலும் ஆட்டத்தை அழித்தோம். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு அவனே கூப்பிட்டான். துன்னியா என்றான். ஆச்சு என்றேன். அங்கே மழையா என்று கேட்டேன், இல்லை என்றான். பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கொஞ்சம். பிறகு இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. ஆட்டத்தில் ஒரே சுவருக்குப் பின்னால் நெடுநேரம் பேசாமல் பதுங்கியிருப்போம், அது எங்களுக்கு உறுத்தியதே இல்லை. போனில் அதே மௌனம் வந்ததும் இருவரும் மிரண்டுபோனோம். "செரிடா, வெச்சிடட்டா?" என்றான்.

அதற்கடுத்த ஞாயிறு கூப்பிட வேண்டியது நான். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் சாயந்திரம் ஆகிவிட்டது. அப்புறம் மாங்காய் சீசன் வந்து ஆலையில் வேலை அதிகம். இப்போது கூப்பிடலாம்தான். ஆனால் இத்தனை நாள் கழித்து என் பெயரைப் போனில் பார்த்தால் வீட்டில் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போவான். ஒன்றுமே பேசாமல் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருக்க ஓர் இடம் இருந்தது. அது பிடிக்கவில்லை என்று இருவருமாகச் சேர்ந்து, சிரித்துக்கொண்டே அழித்தோம். முனியின் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.