பாமிர் சாலையில் ஒரு பாக்கெட் தராசு

இன்று காலை மனைவி வெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஊத்துக்குளி வெண்ணெய். நெய்யாவதற்குச் சற்று முன்னால் பால் மணமும் புகை மணமும் கலந்து ஒரு வாசனை எழும்புமே, அது மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். "ஏனுங்க, காப்பி ஆறுதுங்க. வெண்ணெய்ச் சட்டியில அப்படி என்னத்தப் பாக்கறீங்க?" என்றாள். அந்த வாசனை என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது ஊத்துக்குளியில் அல்ல, தஜிகிஸ்தானில். சொன்னால் "மறுபடியும் அந்தக் கதையாங்க?" என்பாள். திருப்பூர்ப் பக்கம் நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அந்தக் கதையைக் கேட்காதவர் கிடையாது. அதன் கடைசிப் பகுதியை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை, அவளுக்கும்கூட. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் கம்பெனி குளிருக்குப் போடும் இன்னர் தைக்கத் தொடங்கியிருந்தது. தஜிகிஸ்தானில் ஒரு வியாபாரி, மலைப்பக்கம் முழுக்கச் சீனச் சரக்குதான், வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். "போயித் தொட்டுப் பாத்துட்டு வந்துருங்க. உங்க கை சொன்னாப் போதுமுங்க" என்றார் முதலாளி. பக்கத்திலிருக்கும் மண்ணரையைத் தாண்டினாலே பஸ்ஸில் வாந்தி எடுக்கிற என்னை பாமிர் நெடுஞ்சாலைக்கு அனுப்பினார் மனுஷன்.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் ஜி.எஸ்.எம். சொல்லிவிடுவேன். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்கிற கணக்குதான் அது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டையைத் தேய்த்துப் பார்த்து மாமனாரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன். கை சொன்னதைச் சரிபார்க்கத் சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்குத் துணியை வட்டமாக வெட்டும் கட்டர் ஒன்றும், உள்ளங்கையில் அடங்கும் தராசு ஒன்றும் எப்போதும் பையில் இருக்கும். திருப்பூரில் பாதிப்பேர் பையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு எங்கே போகிறோம் என்று நான் யோசிக்கவே இல்லை.

கோரோக் என்கிற மலை ஊரில் தவ்லத் என்பவரின் ஜீப்பை அமர்த்திக்கொண்டேன். நாற்பது வயதிருக்கும். யாரைப் பார்த்தாலும் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிவார். அவருக்குப் படம் பார்த்துக் கற்ற இந்தி, எனக்குப் பீகார் தையல்காரர்களிடம் கற்ற இந்தி, எப்படியோ ஓடியது. ஊருக்கு வெளியே, ஆற்றின் மறுகரை ஆப்கானிஸ்தான். கழுதையோடு போகிறவரின் முகம்கூடத் தெரிந்தது. "எங்க ஊர்ல பாதி ஆம்பளைங்க ரஷ்யாவுலதான். கட்டட வேலை. நான் போக மாட்டேன். மூணு பொண்ணுங்க இருக்கு. எனக்கு இந்த ரோடு போதும்" என்றார் தவ்லத். வளைவுக்கு வளைவு பாதாளம். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் தலையாட்டினேன்.

மரமே இல்லாத மேட்டுநிலத்தைக் கடந்து, முர்காப் என்ற ஊரில் கண்டெய்னர் பெட்டிகளையே கடைகளாக வைத்திருந்த சந்தையில் சீன இன்னர்களைத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் பிரமாதமில்லை. திரும்பும் வழியில்தான் அந்தச் சோதனைச் சாவடி. போகும்போது பெர்மிட்டை மட்டும் பார்த்துவிட்டு விட்டவர்கள், இப்போது பைகளை இறக்கச் சொன்னார்கள். என் பையிலிருந்து தராசை எடுத்த சிப்பாய் அதிகாரியைக் கூப்பிட்டான். தவ்லத்தின் முகம் வெளுத்துப்போனது.

"இதை ஏன் கொண்டுவந்தீங்க?" என்று மெல்லக் கேட்டார். "இந்த ரோட்டுல இந்த மாதிரித் தராசு வெச்சிருக்கிறவங்க ஒரே ஒரு சரக்கைத்தான் நிறுப்பாங்க."

ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து அபின் வருகிற சாலை அது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வெளிநாட்டுக்காரன், எப்படியாவது ஊர் போய்ச் சேருவேன். அவரையும் ஜீப்பையும் யார் விடுவார்கள்? சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டார்கள். ஸ்டெப்னியைக் குத்திப் பார்த்தார்கள். நான் "பனியன், பனியன்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். கோமாளிபோல இருந்திருப்பேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. வாளியின்மேல் காய்ந்துகொண்டிருந்த பழைய இன்னர் ஒன்றை எடுத்து என்மேல் எறிந்தார். தவ்லத் அவர் சொன்னதை மொழிபெயர்த்தார்: "துணிக்காரன்னா, நிறுக்காம எடையைச் சொல்லு. அப்புறம் நிறுத்துப் பார்ப்போமாம்."

எவ்வளவு சுலபமான பரீட்சை! இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வெளியே நிறுத்திவைத்த முக்கால் மணி நேரக் காற்றில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. துணியைப் பிடித்திருக்கிறேன் என்பதே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. சென்னிமலை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். தவ்லத்துக்குப் புரிந்துவிட்டது. தன் கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்து, என் கைகளை இழுத்துத் தன் இரண்டு அக்குளிலும் வைத்து இறுக்கிக்கொண்டார். யாரால் மாட்டிக்கொண்டாரோ அவன் கைகளை. அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் மணிக்கட்டில் தெரிந்தது. சிப்பாய்கள் சிரித்தார்கள்.

விரல்களில் ஊசி குத்துகிற மாதிரி உயிர் வந்தது. மறுபடி தேய்த்தேன். இன்டர்லாக் என்கிற இரட்டைப் பின்னல் துணி. புதிதில் இருநூற்று இருபது ஜி.எஸ்.எம். இருக்கும், துவைத்துச் சுருங்கியதில் இருநூற்று நாற்பது. "இதுல வெட்டுற வட்டம் ரெண்டு புள்ளி நாலு கிராம்" என்றேன். கட்டரை வைத்துத் திருகி, வட்டத்தை எடுத்துத் தராசில் போட்டார் அதிகாரி. இரண்டு புள்ளி நாலு மூன்று.

அதிகாரி தராசை வைத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டார். அதற்கு முன் தவ்லத்தின் பெயரையும் வண்டி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் வளைவுக்கு வளைவு கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வீட்டில் அவர் மனைவி உப்புப் போட்ட பால் தேநீரில் வெண்ணெய்க் கட்டியை மிதக்கவிட்டுக் கொடுத்தார். மூன்று பெண் குழந்தைகளும் அப்பாவின்மேல் சாய்ந்துகொண்டன. நான் இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஊருக்கு வந்து கதை சொன்னேன். "விரலுங்களா அது!" என்று முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். சொல்லச் சொல்லச் சிப்பாய்களின் எண்ணிக்கை கூடியது, தவ்லத் சுருங்கிப்போனார்.

ஆறேழு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஷிப்மென்ட் நேரம். மெஷின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ரோடு, பொண்ணுங்க, மாஸ்கோ என்று காதில் விழுந்தது. நல்ல வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்துகிற படத்தை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். ரொம்ப நாள் கழித்து, பழைய பதிவுகளை அழிக்கும்போது அது கண்ணில் பட, பீகார்க்காரரான எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார்.

"சார், இந்த ஆளு சந்தோஷமாச் சொல்லல சார். நோட்டுல பேரு ஏறிடுச்சாம். எல்லா செக்போஸ்ட்லயும் வண்டியைப் பிரிச்சுப் போடுறாங்களாம். பயந்துக்கிட்டு யாரும் ஏறதில்லையாம். வண்டியை வித்துட்டு மாஸ்கோ போறாராம். சின்னப் பொண்ணு காலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குதுன்னு அழுவுறார் சார்." போனை என்னிடம் நீட்டினார். "நீங்க என்ன பதில் போட்டீங்க?" என்று கேட்டார். நான் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. பிறகு வேறு யார் யாரிடமோ விசாரித்தும் மாஸ்கோவில் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அந்தச் சாலையில் இன்றும் ஜீப்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தவ்லத்தின் ஜீப் இல்லை. எனக்கு இந்த ரோடு போதும் என்று சொன்ன மனிதரை அந்த ரோட்டிலிருந்து இறக்கிவிட்டவன் நான்.